பச்சை அட்டை உள்ளவர்கள் மட்டும்

ஜூலை 4, 2021, ஞாயிறு

இரண்டு தவணை கொரோனா ஊசியும் போட்டு இரண்டரை மாதம் ஆகிறது. என் சான்றிதழை லேமினேட் செய்து, மின்வாரியத்தில் நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வசந்தாமணி தன்னுடையதைப் போனிலேயே வைத்திருக்கிறாள். "மாட்டி வெச்சா யாருங்க வந்து பாக்கப் போறாங்க?" என்கிறாள். கணவன் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளராக இருக்கும் வீட்டில் இப்படி ஒரு பேச்சு.

காலை நடையில் மூன்றாவது மாடி குழந்தைவேலு எதிர்ப்பட்டார். வேதியியல் பேராசிரியராக இருந்தவர். கல்லூரியை விட்டு எட்டு வருஷம் ஆகியும், எதிரே வருகிற எல்லோரையும் முதலாம் ஆண்டு மாணவர்களாகவே பார்க்கிறார்.

"பாத்துட்டீங்களா?" என்றார்.

"என்னத்தைங்க?"

"ஆன்டிபாடிங்க. ஊசி போட்டா மட்டும் ஆச்சுங்களா? உள்ள போயி வேலை செஞ்சுதான்னு தெரிய வேண்டாமா? நான் நேத்து பாத்தனுங்க. ரெண்டாயிரத்து நூறு."

அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து அடுக்கியது போலச் சொன்னார்.

எனக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது.

ஜூலை 5, திங்கள்

லேபில் ரத்தம் கொடுத்தேன். வசந்தாமணியிடம் சர்க்கரை பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 7, புதன்

412.

"நல்லா இருக்குங்க சார்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"நல்லான்னா, எவ்வளவுக்கு எவ்வளவு?"

"அப்படியெல்லாம் இல்லீங்க சார். பதினஞ்சு தாண்டினாலே பாசிட்டிவ்தான்."

நான் எந்தப் பரீட்சையையும் பாஸ் மார்க்குக்காக எழுதியவன் அல்ல. திரும்பி வரும்போது லிஃப்டில் குழந்தைவேலு. பார்த்துவிட்டீர்களா என்று மறுபடியும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். இது பொய்யாகாது. அந்த நேரத்தில் ரிப்போர்ட் பைக்குள் இருந்தது, நான் லிஃப்டின் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, திங்கள்

காலையில் நெல்லிக்காய்ச் சாறு. பதினோரு மணிக்கு முளைகட்டிய பயறு. மதியம் முருங்கைக்கீரை. மாலையில் மஞ்சள் பால். இதெல்லாம் பொதுவான ஆரோக்கியத்துக்காக.

நெல்லிக்காயை நானேதான் அரைக்கிறேன். வசந்தாமணிக்குப் பதினோரு வருஷமாக முடக்குவாதம்; காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் டிக்காஷன் இறக்குவது, பாட்டில் மூடி திறப்பது, துணி பிழிவது மூன்றும் என் துறை. இதை உதவி என்று அவள் தங்கை ஊரெல்லாம் சொல்கிறாள். உதவி அல்ல, நிர்வாகம்.

ஆகஸ்ட் 2, திங்கள்

மறுபடியும் பார்த்தேன். 371. குறைந்திருக்கிறது. அந்த லேபில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்பதை முதல் தடவையே கவனித்தேன்.

கீரையை நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம், கார் நிறுத்துமிடத்தில். போன வருஷம் மார்ச்சில் பூட்டிய கிளப் ரூமைத் திறக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். குழந்தைவேலு எழுந்து, "திறக்கலாமுங்க. ஆனா ஆன்டிபாடி ஆயிரத்துக்கு மேல இருக்கறவங்களை மட்டும் உள்ள விடலாம். அறிவியல் பூர்வமா இருக்கும்," என்றார்.

நான் கடுமையாக எதிர்த்தேன். குடியிருப்பவர்களுக்குள் உயர்வு தாழ்வு கூடாது, எல்லோரும் ஒரே பராமரிப்புக் கட்டணம்தான் கட்டுகிறோம் என்று சமத்துவத்தைப் பற்றி நெடுநேரம் பேசினேன். சிலர் கைதட்டினார்கள். முடிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 12, வியாழன்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள வேறு லேப். அதே கை, அதே ரத்தம். 1,030.

கடைசியில் பொடி எழுத்தில், வேறு யூனிட், மற்ற லேபுகளின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம் என்று ஏதோ போட்டிருக்கிறது. எல்லோரும் படிக்க வேண்டியதாக இருந்தால் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்ததும் கூட்டம். சமத்துவம் வேறு, பாதுகாப்பு வேறு என்று விளக்கினேன். தீர்மானம் நிறைவேறியது. ஆயிரத்துக்கு மேல் பச்சை அட்டை, கிளப் ரூமுக்குள் போகலாம். நூறு முதல் ஆயிரம் வரை மஞ்சள், கிளப் ரூம் வராந்தா வரை. அதற்கும் கீழே சிவப்பு, நோட்டீஸ் போர்டு வரை. பச்சை அட்டைக்காரர்களுக்குள் பரவ வழியில்லை என்பதால் உள்ளே மாஸ்க் தேவையில்லை என்று குழந்தைவேலு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன்.

அட்டைகளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் செயலாளருக்கு. முதல் அட்டை எனக்கு.

ஆகஸ்ட் 20, வெள்ளி

கிளப் ரூம் திறந்தாயிற்று. வாசலில் 'பச்சை அட்டை உள்ளவர்கள் மட்டும்' என்று பலகை. நானும் குழந்தைவேலுவும் கேரம் ஆடினோம். அவர் ஜெயித்தார், போர்டில் பவுடர் அதிகம்.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அங்கே பெண்கள் நான்கு பேர் ரம்மி ஆடுவது பழைய வழக்கம். வசந்தாமணி அதில் கெட்டிக்காரி. பதின்மூன்று சீட்டையும் கையில் விரித்துப் பிடிக்க முடியாததால் ஒரு பலகையில் பள்ளம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அதில் நிறுத்திவைத்து ஆடுவாள். ஒன்றரை வருஷமாக ஆட்டம் இல்லை. இன்று குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, "எனக்கும் ஒரு அட்டை குடுங்க," என்று வந்து நின்றாள்.

"பரிசோதனை பண்ணாம சொந்த சம்சாரத்துக்குக் குடுத்தா பேச்சு வரும், வசந்தா."

"ஊசி ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே எடத்துலதானுங்க போட்டோம்."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்."

புடவையை மாற்றிக்கொண்டாள். நாளை லேபுக்குக் கூட்டிப்போகிறேன்.

ஆகஸ்ட் 25, புதன்

வசந்தாமணியின் ரிப்போர்ட்: 0.4-க்கும் குறைவு. நெகட்டிவ்.

புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்களா என்று போனில் கேட்டேன். இல்லையாம். வேறு யாருடைய ரத்தமாவது கலந்துவிட்டதா என்றேன். வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 28, சனி

இன்னொரு லேப். அதே பதில்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். "ரம்மியில சைபர் வாங்கறவதானுங்க ஜெயிக்கறவ."

"இது சிரிக்கிற விஷயமா?"

"அப்ப அழுகோணுமா? சொல்லுங்க, அழுகறேன்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

டாக்டர் யாமினியைப் பார்த்தோம். பதினோரு வருஷமாக வசந்தாமணிக்கு வாதத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்தார், ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மாவுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ்ல ஏத்தறோமே, அந்த மருந்து வாதத்தை அடக்கறதே எதிர்ப்பு சக்தியைப் படுக்க வெச்சுத்தான். ஆன்டிபாடி செய்யற செல்லுங்க தூங்கிட்டிருக்கு. அந்த நேரத்துல ஊசி போட்டா யாரு கேப்பாங்க? வேற விதத்துல கொஞ்சம் பாதுகாப்பு கெடைச்சிருக்கலாம். அதை இந்த டெஸ்ட்ல பாக்க முடியாது."

"அப்ப என்னங்க பண்றது?"

"மூணாவது தவணை இங்க இன்னும் வரலை. வரும்னு பேசிக்கறாங்க. அதுவரைக்கும் செப்டம்பர்ல ஏத்த வேண்டியதைத் தள்ளிப்போட்டுப் பாக்கலாம். செல்லுங்க முழிச்சுக்கும். ஆனா வலி வரும்மா. பொறுத்துக்குவீங்களா?"

"பொறுத்துக்கறனுங்க," என்றாள். கடைக்காரர் நாளைக்கு வா என்று சொன்னதற்குச் சொல்வது போல.

என் எண் 1,030 என்பதையும் டாக்டரிடம் தெரிவித்தேன். சரி என்றார். எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்வார் என்று சற்று நேரம் காத்திருந்தேன்.

"சார், அது எவ்வளவு இருந்தாலும் நீங்க தொத்தைக் கொண்டுவந்து இவங்களுக்குக் குடுக்க மாட்டீங்கன்னு அர்த்தமில்லை. வெளிய மாஸ்க் போடறீங்கல்ல?"

"வெளிய போடறனுங்க," என்றேன். கிளப் ரூம் உள்ளேதான் இருக்கிறது.

செப்டம்பர் 3, வெள்ளி

விதிப்படி அவளுக்குச் சிவப்பு அட்டை. யோசித்துப் பார்த்து ஒரு மஞ்சள் அட்டை தயார் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இது யாருதுங்க?"

"உன்னுதுதான்."

"என்னுது செவப்புங்க. பொய் அட்டை எனக்கு வேண்டாம்."

மத்தியானம் இரண்டாவது மாடி சம்பூர்ணம் வந்து, வராந்தாவில் ரம்மிக்கு ஒரு கை குறைகிறது, அக்கா வரவில்லையா என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். உள்ளிருந்து குரல் வந்தது: "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குது, சம்பூர்ணம். ரூல்ஸ்தான் சரியில்லை."

இதைப் பதிவு மட்டும் செய்கிறேன்.

செப்டம்பர் 11, சனி

வசந்தாமணிக்கு வலி தொடங்கிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. இன்று அவளுக்கு ஜடை பின்னிவிட்டேன். மூன்று கேபிளை ஒன்றாக முறுக்குவதைவிடக் கடினம். ஒரு பக்கம் கோணல்தான். "அழகா இருக்குது," என்றாள். கண்ணாடி பார்க்காமலே.

செப்டம்பர் 14, செவ்வாய்

கேரம். குழந்தைவேலுவுக்கு இருமல். "ஏசி ஒத்துக்கலைங்க," என்றார். ஏசியைக் குறைத்து வைத்தேன்.

செப்டம்பர் 17, வெள்ளி

குழந்தைவேலுவுக்குக் கொரோனா பாசிட்டிவ். ரெண்டாயிரத்து நூறு வைத்திருப்பவர்.

அவர் மனைவி லோகநாயகி எனக்குப் போன் செய்தபோது நான் மார்க்கெட்டில் இருந்தேன். மூன்று நாளாக அவர் எதிரே, ஒரு போர்டு அகலத்தில், மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். வண்டியைக் கொண்டுவந்து கீழே நிறுத்தினேன். தொண்டையில் லேசாக ஏதோ இருந்தது. காலையில் சாப்பிட்ட ஊறுகாயாக இருக்கும். ஆனாலும் மேலே போகவில்லை. காருக்குள் இருந்தே போன் செய்தேன்.

"எங்கீங்க இருக்கீங்க?"

"கீழதான். கார்ல. நான் வீட்டுக்கு வரலை, வசந்தா."

விஷயத்தைச் சொன்னேன். நேற்று அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காபியை ஆற்றிக் கொடுத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்ததும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அவளுக்கும் வந்திருக்கும்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

கிளப் ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது. செயலாளர் பதவியால் முதன்முறையாக ஒரு பிரயோஜனம்.

செப்டம்பர் 18, சனி

எனக்கும் பாசிட்டிவ்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் தலையணையோடு குழந்தைவேலு நின்றார். "அவளுக்குச் சர்க்கரை இருக்குதுங்களா, தலகாணிய வாசல்ல வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டா. உங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்களே?"

"அட்டை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அவரும் பாவம், சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

மத்தியானம் மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்தார். இரண்டு கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல ஏற்பாடு என்றார். போகும்போது வாசல் பலகையைப் படித்துவிட்டு, "ஏனுங்க, பச்சை அட்டைன்னா பாசிட்டிவ்காரங்களா?" என்றார்.

குழந்தைவேலு மேற்கூரையைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 20, திங்கள்

காய்ச்சல். மூச்சு நன்றாக இருக்கிறது. பேராசிரியரின் குறட்டை அதைவிட நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 22, புதன்

வசந்தாமணிக்கு இன்று வீட்டிலேயே வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு நாளை. டாக்டர் யாமினி, பாசிட்டிவ் என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அவள் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி, படுக்கைக்கும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்.

டிக்காஷன் யார் இறக்குகிறார்கள் என்று போனில் கேட்டேன். சம்பூர்ணம் தன் வீட்டில் போட்டு ஃபிளாஸ்கில் கொண்டுவந்து வாசலில் வைக்கிறாளாம்.

"ஃபிளாஸ்க் மூடியை யார் திறக்கறாங்க?"

"இறுக்கமா மூடாதீன்னு சொல்லிட்டனுங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

செப்டம்பர் 23, வியாழன்

காலையிலிருந்து போன் வரவில்லை. பேராசிரியர் கேரம் ஆடலாம் என்றார். இஷ்டமில்லை என்றேன். வற்புறுத்தினார்.

இன்று மிக மோசமாக ஆடினார். ரெட் காய் குழியின் வாயில் நிற்கிறது. ஸ்ட்ரைக்கரால் லேசாகத் தொட்டாலே விழும். மூன்று தடவை தவறவிட்டார். அடுத்தடுத்து நான்கு ஆட்டம் நான் ஜெயித்தேன். அவருக்கு வயதாகிவிட்டது. நடுவில் ஒரு தடவை, என் முறை வந்தும் நான் ஆடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். அவரே என் காயையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்கு மணிக்கு வசந்தாமணி போன் செய்தாள். நெகட்டிவ்.

நெகட்டிவ் என்ற வார்த்தையை நான் அவளைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னதாகக் குழந்தைவேலு பிறகு சொன்னார். சிக்னல் சரியில்லை.

செப்டம்பர் 28, செவ்வாய்

வசந்தாமணிக்கு இரண்டாவது பரிசோதனையும் நெகட்டிவ். தப்பித்துவிட்டாள்.

மாலையில் பொழுது போகாமல் எங்கள் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குழந்தைவேலு போனில் எதையோ தேடி, இரண்டு லேபின் யூனிட்டையும் கணக்குப் போட்டார். அவருடைய ரெண்டாயிரத்து நூறை என் முதல் லேபின் யூனிட்டுக்கு மாற்றினால் 840 வருகிறது. விதிப்படி மஞ்சள். என் இரண்டாவது லேபின் 1,030-ஐ மாற்றினால் பழையபடி 412. அதுவும் மஞ்சள்.

"வெளிய சொல்ல வேண்டாமுங்க," என்றார்.

அக்டோபர் 1, வெள்ளி

கிளப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் பூங்கா தெரியும். மத்தியானம் நாவல் மரத்தடியில் நான்கு நாற்காலி, தள்ளித் தள்ளி. சம்பூர்ணமும் வேறு இரண்டு பெண்களும். நான்காவது, வசந்தாமணி. எல்லோர் முகத்திலும் மாஸ்க். நடுவே ஸ்டூலில் சீட்டுக்கட்டு.

"இவங்கெல்லாம் எந்தக் கலருங்க?" என்றார் குழந்தைவேலு.

"ஒரு மஞ்சள். ஒரு செவப்பு. மத்த ரெண்டு பேரும் டெஸ்டே பண்ணலைங்க."

கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டத்தில் இருந்தாள்.

அக்டோபர் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று பூங்காவில் கூட்டம். அட்டை முறையை ரத்து செய்து, கிளப் ரூமுக்குள் எல்லோரும் மாஸ்க் போட வேண்டும் என்ற தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். சமத்துவத்தைப் பற்றி மறுபடியும் பேசினேன். முந்தைய உரையின் குறிப்புகளை எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

நான்காவது மாடிக்காரர் ஒருவர் எழுந்து, அப்படியானால் கிளப் ரூமுக்குள் மாஸ்க் எதற்கு, எங்களுக்கெல்லாம் நல்ல எண் இருக்கிறதே என்றார். சொல்லலாமா என்று வசந்தாமணியைப் பார்த்தேன். "சொல்லுங்க. நானென்ன திருடவா செஞ்சேன்?" என்றாள். சொன்னேன். ஊசி போட்டும் அவள் உடம்பில் ஒன்றும் உண்டாகவில்லை, நம்மில் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அவளால் தாங்க முடியாது என்று. நீளமாகப் பேசத் திட்டமிட்டிருந்தேன், இவ்வளவுதான் வந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஆனால் தாடையில் மாஸ்க்கைத் தொங்கவிட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே இழுத்துக்கொண்டார்கள். நான்காவது மாடிக்காரரும்.

நவம்பர் 23, செவ்வாய்

வசந்தாமணிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. சோற்றைப் பிசைய முடியவில்லை, ஸ்பூன். டாக்டர், இதற்கு மேல் தள்ள வேண்டாம், ட்ரிப்ஸ் ஏற்றிவிடலாமா என்றார். நானும் ஏற்றிவிடுங்கள் என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க டாக்டர்," என்றாள். "இத்தனை நாள் பொறுத்தது வீணாப் போயிரும்."

மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். என் பேச்சை இருவரும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் வண்டியை மெதுவாக ஓட்டினேன். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அவள் கையை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொள்வதைப் பார்க்க முடியவில்லை. நம் ஊர்ச் சாலைகளைப் பற்றி மாநகராட்சிக்கு எழுத வேண்டும்.

ஜனவரி 20, 2022, வியாழன்

வசந்தாமணிக்கு மூன்றாவது தவணை. நானும் போட்டுக்கொண்டேன். "வலிக்குதுங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

பிப்ரவரி 22, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி ஒரு மாதம் கழித்து வசந்தாமணிக்கு மட்டும் பரிசோதனை. எனக்குப் பார்க்கவில்லை, நேரமில்லை.

மாலையில் டாக்டர் யாமினியே போன் செய்தார். "பதினேழு வந்திருக்கு சார். சின்ன நம்பர்தான். ஆனா தூங்கினதுங்க முழிச்சிருக்கு. ட்ரிப்ஸை அடுத்த வாரம் வெச்சுக்கலாம், அம்மா பட்டது போதும்."

பதினேழு.

கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கினேன். நாற்பத்தெட்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன், மாஸ்க்கோடு. லோகநாயகி, "பேரனுங்களா, பேத்திங்களா?" என்றார். "பதினேழுங்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற குழந்தைவேலுவுக்குப் புரிந்தது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவில்லை. ரெண்டாயிரத்து நூறு வந்தபோதுகூட அவர் முகம் இப்படி இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் வசந்தாமணி காலி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பதினேழுக்கு இவ்வளவு மைசூர்பாகா? நூறு வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"மண்டபம் புடிக்கறேன்," என்றேன்.

சோபாவில் உட்கார்ந்து, வீங்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. நாளை காலையில் இரண்டு மண்டபங்களில் விசாரிக்க வேண்டும்.